தாத்தாவின் நோட்டும் 86 மூட்டை சிமெண்ட்டும்

முதல்லயே ஒரு டிஸ்கி. நான் சிவில் இன்ஜினியர் கிடையாது. படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். பொழப்பு எலக்ட்ரானிக் சிட்டியில பொட்டி தட்டுறது. தினமும் ஓசூர்லேர்ந்து அத்திப்பள்ளி தாண்டிப் போய், சாயங்காலம் அதே டிராபிக்ல திரும்பி வர்ற கோஷ்டி. அதனால சிவில் படிச்ச அண்ணன்மார் யாராவது இதைப் படிச்சுட்டு "கணக்கு தப்பு தம்பி"ன்னு சொன்னா, சந்தோஷமா திருத்திக்கறேன் :)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

எங்க ஊர் ஓசூர்லேர்ந்து பாகலூர் போற பக்கம். வீடு ரெண்டு துண்டு. பின்னால இருக்கறது கல் பலகைக் கூரை போட்ட பழைய வீடு, 4 சதுரம். முன்னால இருக்கறது தாத்தா 1981-ல கட்டினது, 6 சதுரம். (சதுரம்னா 100 சதுர அடி. எங்க பக்கம் மேஸ்திரிங்களும் சரி, பார்டருக்கு அந்தப் பக்கம் கன்னட மேஸ்திரிங்களும் சரி, இப்பவும் சதுரக் கணக்குலதான் பேசுவாங்க.)

2025 ஐப்பசி மழையில முன் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பிச்சுது. ஹால்ல ஒரு இடத்துல சிமெண்ட் பெயர்ந்து விழுந்து, உள்ள கம்பி துருப்பிடிச்சு பல்லை இளிச்சுது. அப்பா அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகறார். கையில வர்ற பணத்தை வச்சு வீட்டை இடிச்சுக் கட்டறதா, ஒட்டுப் போட்டு ஓட்டறதான்னு வீட்ல ஒரே பேச்சு. ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். சதுர அடி 2,400 ரூபாய்னார். முன் வீடு மட்டும் 600 அடிக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். ரெண்டையும் இடிச்சுட்டு 1,000 அடி கட்டினா 24 லட்சம். அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அவ்வா மட்டும் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, நீளமான கணக்கு நோட்டு ஒண்ணை எடுத்துட்டு வந்து போட்டாங்க. "உங்க தாத்தா இந்த வீட்டை எவ்வளவுல கட்டினாருன்னு பாருடா"ன்னாங்க. கடைசிப் பக்கத்துல மொத்தம் போட்டிருந்தது: 17,840 ரூபாய்.

17,840 எங்கே, 14,40,000 எங்கே? 80 மடங்கு! இது விலைவாசி மட்டும்தானா, இல்ல வேற ஏதாவதா? பொட்டி தட்டுறவனுக்கு இது போதாதா, ஒரு மாசமா இதே வேலை. இந்தப் பதிவு அந்த ஆராய்ச்சியோட விளைவு.

முதல் முயற்சி: இன்டெக்ஸ் போட்டுப் பார்ப்போம்

வருமான வரித்துறை வருஷா வருஷம் ஒரு பணவீக்கக் குறியீட்டெண் வெளியிடும். பழைய வரிசையில 1981-82ஐ 100னு வச்சு ஆரம்பிச்சாங்க. அது 2001-02ல 426 ஆச்சு. அப்புறம் 2001-02ஐயே 100னு மாத்தி வச்சாங்க. 2025-26க்கு 376. ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 16 மடங்கு. தாத்தாவோட 17,840ஐ 16ஆல பெருக்கினா 2 லட்சத்து 85 ஆயிரம்.

அப்பாடா, 2.85 லட்சம்தானேன்னு நினைக்காதீங்க. அந்தத் தொகைக்கு இன்னைக்கு எங்க ஊர்ல ஒரு கார் ஷெட் கூட உருப்படியா கட்ட முடியாது.

ஏன் இப்படின்னு தேடினா ரெண்டு விஷயம் கிடைச்சுது. ஒண்ணு, சட்டப்படியே அந்தக் குறியீட்டெண் நுகர்வோர் விலை உயர்வுல முக்கால் பங்கை மட்டும்தான் எடுத்துக்கும். ரெண்டாவது, அது மொத்த வாழ்க்கைச் செலவோட சராசரி. அரிசி, வெங்காயம், பஸ் டிக்கெட் எல்லாம் அதுல உண்டு. மேஸ்திரி கூலி எவ்வளவு ஏறுச்சுன்னு அதுக்குத் தெரியாது. வீடு கட்டற செலவு தனி ஜாதி.

அப்போ என்னதான் வழி? பொதுப்பணித்துறைக்காரங்க வழிதான். அவங்க எந்தக் கட்டடத்துக்கும் முதல்ல ரூபாயை எழுத மாட்டாங்க. எத்தனை கன அடி மண் தோண்டணும், எத்தனை கன அடி கல் கட்டு, எவ்வளவு கான்கிரீட், எத்தனை கிலோ கம்பின்னு அளவை எழுதுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் அந்த வருஷத்து விலைப் பட்டியல்ல இருக்கற விலையைப் பெருக்கி, கடைசியில கூட்டுவாங்க. அந்த விலைப் பட்டியல் வருஷா வருஷம் மாறும். அளவு மாறாது. எளிமையான விஷயம்தான். ஆனா இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு.

எங்க அதிர்ஷ்டம், தாத்தா அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவரா இருந்தாலும் அவர் நோட்டும் அதே மாதிரிதான் இருந்தது. தேதி, சரக்கு, அளவு, யார் கொண்டு வந்தது. ரூபாய் கடைசி கட்டத்துல. நிறைய இடத்துல அந்தக் கடைசி கட்டத்துல வெறும் கோடு.

கல்லு: கோடு போட்ட முதல் கணக்கு

"கல் - வண்டி - 41 நடை." விலைக் கட்டத்துல கோடு.

எங்க பக்கம் பூமியைக் கொஞ்சம் சுரண்டினா பாறைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் கோலார் வரைக்கும் பழைய வீடுகளைப் பார்த்தீங்கன்னா தூணும் கல், கூரையும் கல், வேலியும் கல். பாறையைச் சூடு காட்டியும் உளி வரிசை அடிச்சும் பலகை பலகையா உரிச்சு எடுப்பாங்க. கன்னடத்துல சப்படின்னு சொல்லுவாங்க. இது இன்னைக்கு நேத்து வந்த வித்தை இல்ல. ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் மல்லச்சந்திரத்துல பாறை மேல பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இருக்கு. செத்தவங்களுக்குக் கட்டின வீடு. நாலு பக்கம் கல் பலகை, மேல மூடி ஒரு கல் பலகை. எங்க பின் வீட்டுக் கூரையையும் அதையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஐடியா ஒண்ணுதான்.

அஸ்திவாரக் கல்லு தாத்தாவோட சொந்தக் காட்டுப் பாறையிலேர்ந்து வந்தது. சொந்த வண்டி, சொந்த மாடு. அதான் கோடு.

வேடிக்கை என்னன்னா, அதே காலத்துலதான் எங்க மாவட்டத்துக் கல்லுக்கு உலகச் சந்தையில விலை முளைச்சுது. (அப்ப நாங்க தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004-ல.) தமிழ்நாட்டுல கருப்பு கிரானைட் குத்தகையை அரசு நிறுவனத்துக்கு மட்டும்தான்னு 1977-ல விதி கொண்டு வந்தாங்க. 1978-ல டாமின் வந்தது. அந்த விதி செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொன்ன ஹிந்த் ஸ்டோன் வழக்குத் தீர்ப்பு வந்தது 1981-ல. அதாவது தாத்தா மாட்டு வண்டியில கல்லு ஓட்டின அதே வருஷம். இன்னைக்கு அந்த 41 நடைக் கல்லை விலை கொடுத்து வாங்கினா என்ன ஆகும்னு மேஸ்திரியைக் கேட்டேன். "60 ஆயிரம் வச்சுக்க தம்பி, வண்டி வாடகை சேர்த்து"ன்னார்.

ஓடும் செங்கல்லும் ரயிலும்

"செங்கல் - மாலூர் - 4 லாரி - 12,000." இதுக்குக் காசு கொடுத்திருக்கார்.

மாலூர் கர்நாடகா. எங்களுக்குப் பாகலூர் தாண்டினா மாலூர்தான். செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பேர் போன ஊர். மாநிலம் வேறேன்னாலும் சூளை பக்கத்துல.

இந்தப் "பக்கத்துல"ங்கறதுதான் அந்தக் காலத்து வீட்டு விலையைத் தீர்மானிச்சுது. மங்களூர் ஓடு தெரியுமில்ல? 1865-ல பாசல் மிஷன்காரங்க மங்களூர்ல முதல் ஓட்டுத் தொழிற்சாலையை ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் ரயில் போன ஊருக்கெல்லாம் அந்த ஓடு போச்சு. எங்க ஊருக்கும் ஒரு ரயில் இருந்தது. பஞ்ச காலத்துக்கு உதவும்னு மொரப்பூர்லேர்ந்து தர்மபுரிக்குக் குறும்பாதை போட்டு, 1913-ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. 1941-ல, ரெண்டாம் உலகப் போர் நடுவுல, அதை மூடிட்டாங்க. அப்புறம் கால் நூற்றாண்டுக்கு மேல ஓசூருக்கு ரயிலே கிடையாது. சேலம் - பெங்களூர் பாதை வந்த பிறகுதான் மறுபடி ரயில் சத்தம். ரயில் இல்லாத ஊர்ல, வண்டி போற தூரத்துல என்ன கிடைக்குதோ அதுதான் வீடு. எங்களுக்குக் கல்லும் மண்ணும்.

சிமெண்ட்: அப்பா காவல் படுத்த கதை

நோட்டுல தாத்தா ரொம்ப அழுத்தி எழுதின பக்கம் இதுதான். "சிமெண்ட் - பர்மிட் - 50. வெளியில் - 36."

இந்தத் தலைமுறைக்கு இது புரியாது. சிமெண்ட்டுக்கு எதுக்குடா பர்மிட்? ரெண்டாம் உலகப் போர் காலத்துல ஆரம்பிச்ச கட்டுப்பாடு, நடுவுல கொஞ்ச காலம் தளர்ந்தாலும், 1982 வரைக்கும் ஓடுச்சு. விலையும் அரசாங்கம் சொல்லும், யாருக்கு எத்தனை மூட்டைங்கறதையும் அரசாங்கம் சொல்லும். வீட்டுப் பிளான் எடுத்துட்டு மனு கொடுத்து, நடையா நடந்து வாங்கணும். அது பத்தலைன்னா "வெளியில்"தான்.

தாத்தா நோட்டுப்படி மேஸ்திரி கூலி நாளைக்கு 16 ரூபாய். பர்மிட் மூட்டை 31. வெளியில வாங்கின மூட்டை 65. அதாவது வெளிச் சிமெண்ட் ஒரு மூட்டைக்கு மேஸ்திரியோட நாலு நாள் கூலி! அதனால சுவர் முழுக்க ஏரி மண்ணுல சேத்துக்கட்டு. சிமெண்ட் கூரைக்கும் தரைக்கும் பூச்சுக்கும் மட்டும். அந்த 86 மூட்டையைத் திண்ணையில அடுக்கி வச்சு, யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு ராத்திரி மேல பாய் போட்டுப் படுத்தவர் எங்கப்பா. வயசு 13. "காலையில எழுந்தா முதுகெல்லாம் பவுடர் பூசின மாதிரி இருக்கும்"பார்.

இந்த சிமெண்ட் பஞ்சம் முதலமைச்சர் நாற்காலியையே ஆட்டியிருக்கு. மகாராஷ்டிராவுல ஏ.ஆர்.அந்துலே 1982 ஜனவரியில பதவி விலகினார். அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்த பில்டர்களுக்கு சிமெண்ட் ஒதுக்கீடு கிடைச்சுதுங்கற வழக்குல, பம்பாய் உயர் நீதிமன்றம் அவருக்கு எதிரா சொன்ன பிறகு நடந்தது அது. அடுத்த மாசமே, 1982 பிப்ரவரி கடைசியில, மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்திடுச்சு. 1989 மார்ச்ல முழுசா எடுத்துட்டாங்க.

தாத்தா மோல்டு போட்டது 1981 கார்த்திகையில. (எங்க பக்கம் கூரைக் கான்கிரீட் போடறதை மோல்டுன்னுதான் சொல்லுவாங்க.) மூணு மாசம் பொறுத்திருந்தா பர்மிட்டுக்கு அலையாம இருந்திருக்கலாம்னு அப்பா இன்னும் சொல்லிக் காட்டுவார். அதுக்கு அவ்வா, "மூணு மாசம் கழிச்சு வெலை எறங்கும்னு யாருக்குடா தெரியும்? மழைக்கு யார் பர்மிட் குடுப்பா?"ம்பாங்க.

இன்னைக்கு ஒரு மூட்டை 380 ரூபாய் சுமாருக்குக் கிடைக்குது. 2025 செப்டம்பர்ல சிமெண்ட்டுக்கு ஜிஎஸ்டியை 28லேர்ந்து 18 சதவீதமாக் குறைச்சாங்க. எங்க மேஸ்திரி கூலி 1,200. அப்ப நாலு நாள் வேலை செஞ்சா ஒரு மூட்டை. இப்ப ஒரு நாள் வேலை செஞ்சா மூணு மூட்டை. 44 வருஷத்துல தராசு அப்படியே தலைகீழாத் திரும்பியிருக்கு. அப்ப சிமெண்ட்டை மிச்சம் பிடிச்சு ஆளை நிறைய போட்டாங்க. இப்ப ஆளை மிச்சம் பிடிக்க சிமெண்ட்டைக் கொட்டறாங்க. ஒரு சதுர அடிக்கு 0.4 மூட்டைன்னு இன்னைக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க. அந்தக் கணக்குல 600 அடிக்கு 240 மூட்டை. தாத்தா 86-ல முடிச்சிருக்கார்.

முய்யாள்: கோடு போட்ட இன்னொரு கணக்கு

நோட்டுல கூலி ஆள் 260 நாள். அதுக்குக் கீழ, "முய்யாள் - 137". விலைக் கட்டத்துல கோடு.

முய்யாள் கன்னடத்துலேர்ந்து எங்க பக்கம் வந்த சொல். நீ என் வீட்டு வேலைக்கு வா, உன் வீட்டு வேலைக்கு நான் வரேன். காசு கிடையாது, களியும் குழம்பும் உண்டு. மோல்டு போட்ட அன்னிக்கு ஊர்ல பாதிப் பேர் சட்டி தூக்கியிருக்காங்க. பேர் பேரா எழுதி வச்சிருக்கார். அது நன்றிக்கு எழுதினது இல்ல. திருப்பிச் செய்யணுமே, அதுக்கு. சில பேருக்கு நேரா டிக் போட்டிருக்கு. கடன் தீர்ந்ததுன்னு அர்த்தம்.

இந்த முய்யாள் எங்கே போச்சு? சிப்காட்டுக்குள்ள போச்சு. சிப்காட் நிறுவனம் 1971-ல ஆரம்பிச்சுது. பின்தங்கிய மாவட்டம்ங்கற சலுகை, பக்கத்துல பெங்களூர். 1980 வாக்குல டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட், கொஞ்சம் கழிச்சு டைட்டன்னு வரிசையா வந்து நின்னுது. ஷிப்டுக்குப் போறவன் முய்யாளுக்கு வர முடியாது. அவன் நாளுக்கு விலை வந்தாச்சு. எங்கப்பாவே 1988-ல ஒரு கம்பெனியில சேர்ந்தார். 2010 ஜனவரியில எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தாங்க. ஓசூர் பெங்களூருக்கு இன்னும் கிட்ட வந்துடுச்சு. எங்க மாவட்டத்து மேஸ்திரி பெங்களூர் போனா கூட கிடைக்குது. அவரை ஓசூர்லயே நிறுத்தணும்னா பெங்களூர் கூலி கொடுத்தாகணும். மணல், ஜல்லிக்கும் இதே கதை. 2003-ல தமிழ்நாட்டு அரசு ஆற்று மணல் குவாரிகளைத் தானே எடுத்துக்கிச்சு. இப்ப ஓசூர்ல எல்லாம் எம் சாண்ட்தான். நம்ம ஊர் கிரஷர் ஜல்லிக்குப் பெங்களூர் அபார்ட்மென்ட்டும் போட்டி போடுது. போதாததுக்கு 2025 ஏப்ரல்ல கனிம நில வரியும் வந்திருக்கு.

இது புது விஷயமும் இல்ல. 1666-ல லண்டன் எரிஞ்சு 13,000 வீடுக்கு மேல சாம்பலாச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல வீடு கட்டக் கிளம்பினா செங்கல்லும் கூலியும் எகிறிடும்னு தெரிஞ்சு, அடுத்த வருஷமே ஒரு சட்டம் போட்டாங்க. சரக்கு விலையையும் கூலியையும் நிர்ணயிக்க வழி வச்சாங்க. வெளியூர்க் கொத்தனார், தச்சர்ங்களுக்கு ஏழு வருஷம் லண்டன்ல உள்ளூர்க்காரன் மாதிரியே வேலை செய்ய உரிமை கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் நிக்கோலஸ் பார்பன்ங்கறவர் வீட்டுக்குத் தீ இன்ஷூரன்ஸ் வியாபாரத்தை ஆரம்பிச்சார். செங்கல் வீட்டுக்கு வருஷ வாடகையில ரெண்டரை சதவீதம், மர வீட்டுக்கு அஞ்சு சதவீதம். "இந்த வீடு போனா மறுபடி கட்ட எவ்வளவு?"ங்கற கேள்வி வியாபாரமானது அங்கேர்ந்துதான்.

கூட்டிப் பார்ப்போம்

இப்ப தாத்தா நோட்டுல இருக்கற அளவுக்கெல்லாம் இன்னைக்கு மேஸ்திரி சொன்ன விலையைப் போட்டேன்.

சிமெண்ட் 86 மூட்டை: 32,680
செங்கல் 12,000: 1,20,000
கம்பி 550 கிலோ: 33,000
மணல் 4 யூனிட்: 22,000
ஜல்லி 3 யூனிட்: 12,000
சென்ட்ரிங் வாடகை: 40,000
கூலி ஆள் 260 நாள், சராசரி 1,000: 2,60,000

இதுவரைக்கும் தாத்தா காசு கொடுத்தது. கூட்டினா 5,19,680.

அஸ்திவாரக் கல்: 60,000
கதவு, ஜன்னல் மரம் (தாத்தாவுக்குச் சொந்த வேப்ப மரமும் பலா மரமும்): 1,40,000
முய்யாள் 137 நாள்: 1,37,000

இது கோடு போட்ட கணக்கு. 3,37,000.

ஆக மொத்தம் 8,56,680. சதுர அடிக்கு 1,428.

கான்ட்ராக்டர் சொன்னது 14.40 லட்சம். இன்னும் 5.83 லட்சம் இடிக்குதே? அந்த ஆள் ஏமாத்தறாரோன்னு நானும் சந்தேகப்பட்டேன். அப்புறம் அவர் கொடுத்த பட்டியலை எடுத்து, தாத்தா வீட்டுல இல்லாததுக்கெல்லாம் நேரா ஒரு கோடு போட்டேன். ரெண்டு பாத்ரூம். செப்டிக் டேங்க். சம்ப்பு, மேல டேங்க்கு, பைப் லைன். ரூமுக்கு ரூம் வயரிங். டைல்ஸ். நாளைக்கு மாடி எழுப்பலாம்னு தூணும் பீமும். பிளான் அப்ரூவல். அவரோட லாபம். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா இது விலையேற்றம் இல்ல, ஸ்கோப் மாறிடுச்சு! 1981-ல எங்க வீட்டுல கக்கூஸ் கிடையாது. அவ்வா 20 வருஷம் இருட்டுல கொல்லைக்குப் போனாங்க. அந்தச் செலவும் நோட்டுல இல்ல.

ஆக 80 மடங்குங்கறது ஒரே பூதம் இல்ல. விலை ஏறினது ஒரு பங்கு. சும்மா கிடைச்சது இப்ப காசுக்குன்னு ஆனது ஒரு பங்கு. அப்ப இல்லாத வசதி ஒரு பங்கு. இதைப் பிரிக்காம "எங்க தாத்தா 18 ஆயிரத்துல கட்டினாரு"ன்னு பெருமூச்சு விடறதுல அர்த்தமே இல்ல.

அரசாங்கக் கணக்கையும் இப்படிப் பிரிச்சுப் பார்த்தேன். 2011-ல வந்த பசுமை வீடு திட்டம்: 300 சதுர அடி, சூரிய விளக்குக்கு ஒதுக்கினதைத் தள்ளிட்டா ஒன்றரை லட்சம். சதுர அடிக்கு 500. 2024-ல வந்த கலைஞரின் கனவு இல்லம்: 360 சதுர அடி, மூன்றரை லட்சம். சதுர அடிக்கு 972. எங்க மேஸ்திரி கிட்ட 972ன்னு சொன்னா சிரிக்கறார். மீதியைக் கட்டறவங்கதான் சுமக்கணும். கையிருப்பு, கடன், குடும்பத்தோட உழைப்பு. அதாவது அந்த எஸ்டிமேட்டுக்குள்ள இன்னும் ஒரு முய்யாள் ஒளிஞ்சிருக்கார். தாத்தாவுக்கு ஊர் வந்தது. இன்னைக்கு வீடு கட்டறவங்களுக்கு யார் வருவாங்கன்னு தெரியல.

இன்னொரு விலை

லோனுக்காக மதிப்பீட்டாளர் ஒருத்தர் வந்தார். முன் வீட்டுக்கு 60 வருஷ ஆயுசு, 44 போச்சு, தேய்மானம் கழிச்சு 4.9 லட்சம்னார். பின்னால இருக்கற கல் வீட்டுக்கு சைபர். "அதெல்லாம் லைஃப் முடிஞ்சுது சார்." அவ்வா காது கேக்காத மாதிரி உட்கார்ந்திருந்தாங்க.

அவர் மேல தப்பில்ல. வித்தா என்ன கிடைக்கும்ங்கறது அவர் கேள்வி. மறுபடி கட்ட எவ்வளவு ஆகும்ங்கறது வேற கேள்வி. இன்ஷூரன்ஸ் எடுக்கறவங்க இதைக் குழப்பிக்கக் கூடாது. 2021 ஏப்ரல்லேர்ந்து எல்லா பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் பாரத் கிருஹ ரக்ஷான்னு ஒரே மாதிரி வீட்டுப் பாலிசி தரணும். அதுல வீட்டுக்கான தொகையைக் கார்ப்பெட் ஏரியாவையும் இன்னைய கட்டுமான விலையையும் பெருக்கித்தான் போடறாங்க. நிலத்து விலை சேராது, தேய்மானமும் கழிக்க மாட்டாங்க.

அந்த சைபர் வீட்டுக் கூரை மேல மேஸ்திரி ஏறி நடந்து பார்த்தார். இறங்கி வந்து அப்பாகிட்ட, "அண்ணா, கல்லுக்கு ஒண்ணும் ஆகல. சந்துல போட்ட சுண்ணாம்பு போயிருக்கு, அதை அடைச்சா போதும். இடிச்சீங்கன்னா இதே மாதிரி பலகை உரிச்சுக் குடுக்க இன்னைக்கு ஆளைத் தேடணும்"னார். விலை என்னன்னு கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியல.

அதனால முடிவு இதுதான். கல் வீடு அப்படியே இருக்கும். முன் வீட்டை மட்டும் இடிச்சுக் கட்டறோம். 24 லட்சம்ங்கறது 14.40-க்கு வந்ததுல அப்பா முகத்துல கொஞ்சம் ரத்தம் ஓடுது. வேலை நடக்கற அஞ்சாறு மாசம் எல்லாரும் கல் வீட்டுலதான் குடித்தனம். அவ்வா ரொம்ப நாளா ஆசைப்பட்டது அதுதான்னு நினைக்கறேன்.

போன ஞாயித்துக்கிழமை அப்பா பாகலூர் கடையிலேர்ந்து ஒரு புது நீள நோட்டு வாங்கிட்டு வந்தார். எக்ஸெல்ல போடலாம்ப்பான்னேன். "அது நீ வேலை மாறினா லேப்டாப்போட போயிடும்"னுட்டு, ஸ்கேல் வச்சு கட்டம் போட ஆரம்பிச்சார். தேதி, சரக்கு, அளவு, யார் கொண்டு வந்தது. ரூபாய் கடைசியில.

பி.கு. 1: உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு நோட்டு இருக்கலாம். எடைக்குப் போட்டுடாதீங்க. அளவு எழுதியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, சேர்ந்து கணக்குப் போடுவோம்.

பி.கு. 2: தாத்தா முய்யாள் பட்டியல்ல டிக் போடாத பேர் ஏழு இருக்கு. அதுல ரெண்டு குடும்பம் இன்னும் ஊர்லதான் இருக்காங்க. அவங்க வீட்டுல மோல்டு போட்டா நான் லீவு போடணுமாம். அவ்வா உத்தரவு.